பழைய காரும் புதுமெருகும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, பழைய காருக்கு வீட்டிலேயே வண்ணம் பூசி மெருகேற்றுவது பற்றிய பேச்சு சற்றுப் புதுமையாகத் தோன்றலாம். கொள்ளேகாலுக்கு இன்னும் இருப்புப்பாதை வரவில்லை. அத்தகைய ஊரின் மேடையில் இரயில்வே எழுத்தராகிய நாம் ஏறுவதே ஒரு விந்தை; ஏறியும் இரயிலை விட்டுவிட்டுக் காரைப் பற்றிப் பேசுவது இரட்டை விந்தை என்று நண்பர்கள் நகைத்தனர். அவர்கள் நகைப்பில் நியாயம் உண்டு. எனினும், இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு.

நம் காலனியில் சில இல்லங்களின் வாயிலில் பழைய கார்கள் நிற்கின்றன. தந்தையார் வாங்கிய அம்பாசிடர் ஒன்று. குறைந்த விலைக்குக் கிடைத்த பிரீமியர் பத்மினி மற்றொன்று. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நின்றது. புதிதாக வராத வண்டி என்பதனாலேயே அவற்றின்மீது பற்று மிகுகின்றது. விடுமுறை நாட்களில் இளைஞர்கள் உப்புத்தாளும் வாளியுமாக அவற்றைச் சூழ்ந்து நிற்பதைக் காண்கின்றோம். நல்ல பொழுதுபோக்குத்தான், கைக்கு உழைப்பும் கண்ணுக்குப் பயிற்சியும் தருவது. ஆனால் முறை தெரியாமல் செய்தால் உழைப்பு வீணாகும். எச்சரிக்கை இல்லாமல் செய்தால் அருகில் விளையாடும் குழந்தையின் உடல்நலம் கெடும். ஆதலின், இப்பணியில் வீட்டில் செய்யத்தக்கது எது, வீட்டில் செய்யத்தகாதது எது என்பதைப் பகுத்துக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பழைய வண்டிகளைப் பேணுவது நம் சுற்றுவட்டாரத்துக்குப் புதிதன்று. நாம் வாழும் இக்கொள்ளேகால் வட்டம், 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு சேரும் வரையில், கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்தக் கோயம்புத்தூரிலேதான், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களின் வழிவந்தோர், ஜீடீ கார் அருங்காட்சியகம் அமைத்துப் பல நாட்டுப் பழைய கார்களைக் காத்து வருகின்றனர். மைசூருவில் 1979-இல் தொடங்கிய இரயில் அருங்காட்சியகத்திலோ, சாலையில் ஓடிய ஆஸ்டின் காரை இருப்புப்பாதையில் ஓடுமாறு மாற்றியமைத்த வண்டி நிற்கின்றது. காரும் இரயிலும் உறவினர்தாம் என்பதற்கு நண்பர்கள் இதனினும் சான்று கேட்கமாட்டார்கள் என நம்புகின்றோம்.

அரசாங்கமும் பழைய வண்டிகளுக்கு இடம் அளித்துள்ளது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாமல் உள்ள, வாணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றைப் பெரிதும் மாற்றிய வண்டிக்கு அவ்வுரிமை இல்லை. அத்தகைய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டுதலும் ஆகாது. வண்ணத்தைப் பொறுத்தவரை, எந்த வண்டிக்கும் அதன் நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருக்கின்றது. பழைய நிறத்தையே புதுப்பிப்பவருக்குச் சிக்கல் இல்லை. நிறத்தை மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முதலில் அணுகிய பின்னரே தூரிகையைத் தொடவேண்டும்.

இனி, பணிக்கு வருவோம். மெருகு என்பது யாது? மேலே பூசப்படும் ஒன்று என்றே பலரும் எண்ணுகின்றனர். புட்டியில் அடைத்து விற்கும் பளபளப்பை வாங்கித் தடவினால் வண்டி மின்னும் என்று நம்புகின்றனர். கொள்ளேகாலில் வாழ்வோர் இவ்வாறு எண்ணுதல் ஆகாது. இது பட்டு விளையும் ஊர். கூட்டிலிருந்து இழுத்த பச்சைப் பட்டு நூலைக் கண்டிருக்கின்றீர்கள்; அது விறைத்து, ஒளி மங்கி இருக்கும். நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பசை. சவர்க்கார நீரில் இட்டுக் காய்ச்சி அப்பசையை நீக்கிய பின்னரே பட்டு தன் ஒளியைக் காட்டுகின்றது. சாயமும் அதன்பின்தான் செவ்வையாக ஏறுகின்றது. பட்டின் பளபளப்பு கூட்டிப் பெற்றதன்று, நீக்கிப் பெற்றது.

காரின் மெருகும் அவ்வாறே. பரப்பு மேடுபள்ளமின்றி இருப்பின், அதன்மேல் விழும் ஒளி ஒரே சீராகத் திரும்புகின்றது, முகம் பார்க்கலாம். நுண்ணிய கீறல்கள் இருப்பின் ஒளி நாற்புறமும் சிதறுகின்றது, மங்கல் தோன்றுகின்றது. ஆகவே மெருகேற்றுதல் என்பது பெரும்பகுதியும் தேய்த்துச் சமப்படுத்துதலே. வண்டிக்குச் செலவாகும் நேரத்தில் மிகுதியும் உப்புத்தாளுக்குரியது. வண்ணம் பூசும் நேரம் மிகச் சிறிது.

இரயில்வேயில் பணிபுரிவோர் இதனை நன்கறிவர். மைசூரு அசோகபுரத்திலுள்ள பணிமனையில் பயணிகள் பெட்டிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கொணர்ந்து முழுமையாகச் செப்பனிடுகின்றனர். அங்கும், துரு நீக்கம், அடிப்பூச்சு, பட்டி, தேய்ப்பு, இறுதி வண்ணம் என்று ஒழுங்குமுறை உண்டு. முந்திய படி முடியாமல் அடுத்த படிக்குச் செல்லுதல் இல்லை. அப்பெட்டிக்குரிய ஒழுங்கே நம் வீட்டு வாயிற்காருக்கும் உரியது.

இக்கலையின் வரலாற்றில் மூன்று செய்திகளைத் தங்கள் கவனத்துக்குக் கொணர விழைகின்றோம். மோட்டார் கார் தோன்றிய காலத்தில் அதற்குக் குதிரை வண்டிக்குப் பூசியவாறே எண்ணெய் வண்ணத்தையும் வார்னிஷையும் தூரிகையால் பூசினர். ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து அடுத்ததைப் பூசியதால், ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன புதுப்பூச்சை உருவாக்கின. 1924-ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார்களில் அது நீல நிறத்தில் வந்தது. வாரங்களில் காய்ந்தது மணிகளில் காய்ந்தது. அதன் பெயர் டூகோ. இன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் எந்த நிறுவனத்தின் பூச்சாயினும் டூகோ என்றே சொல்வது அதனாற்றான்.

இரண்டாவது செய்தி வாட்டர் பேப்பர் பற்றியது. முன்னாளில் உப்புத்தாளை உலர்வாகவே தேய்த்தனர். பட்டறை முழுவதும் வண்ணத் தூள் பறந்தது. அதில் ஈயமும் கலந்திருந்தது. பிலடெல்பியா நகரில் அச்சு மை செய்துவந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர், நீரில் நனைத்தாலும் கரையாத, மணி உதிராத தாளைக் கண்டுபிடித்தார். இன்று மூன்று எம் என வழங்கும் நிறுவனம் 1921-இல் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நீரோடு தேய்க்கவே தூள் பறப்பது குறைந்தது.

மூன்றாவது, அந்தத் தாளின் வழிவந்த கதை. அதே நிறுவனத்தில் ரிச்சர்டு டுரூ என்னும் இளைஞர் பணியாற்றினார். புதிய தாளைச் சோதிக்கக் கார்ப் பட்டறைகளுக்குச் சென்று வந்தார். அக்காலத்தில் இருநிறக் கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு நிறத்தின்மீது காகிதம் ஒட்டி மறைத்து மறுநிறம் பூசினர். காகிதத்தைப் பிரித்தெடுக்கும்போது புதுவண்ணமும் உரிந்து வந்தது. பூச்சுத் தொழிலாளர் சினந்ததைக் கண்ட அவர், வண்ணத்தை உரிக்காத ஒட்டுநாடாவை 1925-இல் உருவாக்கினார். நாம் மாஸ்கிங் டேப் என்று வாங்குவது அதுவே. தொழிலாளியின் அருகில் நின்று அவன் துன்பத்தைக் கண்டவரால் விளைந்த பயன் இது.

மேற்சொன்ன ஈயத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். தாய்மார்கள் இப்பகுதியைச் செவிசாய்த்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம். பழைய வண்டிகளின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்களிலும், ஈயச் செந்தூரம் கலந்த அடிப்பூச்சிலும் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்னும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அவ்விதி வீட்டுப் பூச்சுகளுக்கும் அலங்காரப் பூச்சுகளுக்கும் உரியது. கார்ப் பூச்சு அதில் அடங்காது. ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவு. வளரும் குழந்தையின் மூளையையே அது முதலில் தாக்குகின்றது. தரையில் படிந்த தூள், தவழும் குழந்தையின் கையில் ஒட்டி, வாய்க்குள் செல்லுகின்றது. வண்டியைத் தேய்த்த தந்தை அதே சட்டையோடு குழந்தையைத் தூக்குகின்றார், அவ்வளவே போதும்.

ஆகவே பழைய வண்ணத்தை எந்நாளும் உலர்வாகத் தேய்த்தல் ஆகாது. வாட்டர் பேப்பரும் நீருமே வேண்டும். வண்டியின் கீழே தார்ப்பாய் விரித்து, வழியும் சேற்றைக் காயவிடாமல் துடைத்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்தல் வேண்டும். தோட்டத்திலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. தேய்ப்பதற்கென ஒரு சட்டை ஒதுக்கி, அதனைத் தனியே துவைத்தல் வேண்டும். கையும் முகமும் கழுவிய பின்னரே வீட்டுக்குள் நுழைதல் வேண்டும். பணி நடக்கும் இடத்தில் சிறுவர்களுக்கு இடமில்லை. அவர்கள் உதவ விரும்பினால் அவர்களுக்குரிய பணி பின்னர் வரும்.

இனிப் படிமுறை. முதலாவது, கழுவுதல். சேறும் எண்ணெயும் பழைய மெழுகும் நீங்க வேண்டும். கடையில் விற்கும் பளபளப்பு நீர்மங்கள் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. அது துளியளவு தங்கினாலும், மேலே பூசும் வண்ணம் அவ்விடத்தில் விலகி வட்டக் குழியாகும். பட்டறையில் அதனை மீன்கண் என்பர். மெழுகு நீக்கும் நீர்மத்தை ஒரு துணியால் தடவி, அது உலருமுன் மற்றொரு துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகின்றது. அதனால்தான் வண்ணத்தின் அடியில் கொப்புளம் எழுகின்றது. கொப்புளத்தின்மேல் வண்ணம் பூசுவது, புண்ணின்மேல் பட்டுத்துணி போர்த்துவது போன்றதே. கம்பித் தூரிகையாலும் 80-ஆம் எண் தாளாலும் வெள்ளிரும்பு தெரியும்வரை துருவை நீக்கவேண்டும். அதன்பின் அன்றைக்கே அடிப்பூச்சுப் பூசவேண்டும். இரவுப் பனியில் வெற்றிரும்பை விட்டுவைத்தால், விடியுமுன் துரு திரும்பிவிடும்.

மூன்றாவது, பட்டி. பள்ளங்களை நிரப்ப இருவகைப் பட்டி உண்டு. கடினமாக்கி சேர்த்துக் குழைக்கும் பாலியெஸ்டர் பட்டி ஆழமான பள்ளத்துக்கு உரியது, என்.சி. பட்டி மெல்லிய கீறலுக்கு மட்டுமே உரியது. பாலியெஸ்டர் பட்டி கடற்பஞ்சு போல் நீரை உறிஞ்சும் இயல்புடையது. அதனை நீரோடு தேய்த்தால், உள்ளே தங்கிய ஈரம் பின்னாளில் கொப்புளமாகக் கிளம்பும். ஆகவே இதனை மட்டும் உலர்வாகத் தேய்க்கவேண்டும். பழைய வண்ணத்துக்கு நீர், புதுப்பட்டிக்கு உலர்வு என நினைவிற் கொள்க. பட்டித் தூளுக்கு, முகத்தில் நன்கு படியும் என்-95 முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் தேய்த்தல் வேண்டும்.

தேய்க்கும்போது தாளை விரல்களால் பிடித்தால் விரலின் அளவுக்குப் பள்ளம் விழும். சமமான மரக்கட்டையிலோ ரப்பர்க்கட்டையிலோ தாளைச் சுற்றித் தேய்க்கவேண்டும். 80 அல்லது 120-ஆம் எண்ணில் தொடங்கி, 180, 320 என்று படிப்படியாக மென்மையான தாளுக்குச் செல்லவேண்டும். ஓர் எண்ணைத் தாண்டிச் சென்றால், முன்தாளின் கீறல் நிலைத்துவிடும். அது பட்டியில் தெரியாது, வண்ணம் பூசியதும் தெரியும். கண் காணாத மேடுபள்ளத்தை உள்ளங்கை காணும். மெல்லிய துணி ஒன்றைக் கைக்கடியில் வைத்துத் தடவிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நான்காவது, அடிப்பூச்சு. அது காய்ந்த பின், வேறு நிற வண்ணத்தை மிக மெல்லிதாகத் தூவி, 400-ஆம் எண் தாளால் தேய்க்கவேண்டும். மேடான இடத்தில் தூவிய நிறம் மறையும்; பள்ளத்தில் எஞ்சி நிற்கும். இதனினும் நேர்மையான தணிக்கையாளரை நாம் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. பள்ளம் மறையும்வரை பட்டியும் தேய்ப்பும் தொடரவேண்டும். முடிவில் 800-ஆம் எண் தாளோடு பரப்பு ஆயத்தமாகின்றது.

ஐந்தாவது, இறுதி வண்ணம். வீட்டின் எல்லை இங்கேதான் வருகின்றது. பட்டறைகளில் இன்று மிகுதியும் பயன்படுவது டூ-கே என்னும் இருபொருட் பூச்சு. வண்ணத்தோடு கடினமாக்கியைக் கலந்து தெளிக்கின்றனர். பளபளப்பும் உறுதியும் அதற்கு மிகுதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கடினமாக்கியில் ஐசோசயனேட் வகைப் பொருள் உண்டு. 1984-இல் போபாலில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் கவர்ந்தது மெத்தில் ஐசோசயனேட் வாயு. கடினமாக்கியில் உள்ளது அதுவன்று. எனினும் இரண்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. தெளிக்கும்போது எழும் நுண்துளி மூச்சில் கலந்தால் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஒருமுறை உடல் அதற்குப் பகையாகிவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சைத் திணறடிக்கும். வாசனையால் அதன் அளவை அறிய முடியாது. மூக்கில் கட்டிய கைக்குட்டையும், தூளைத் தடுக்கும் முகக்கவசமும் அதன்முன் பயனற்றவை. தூய காற்றைக் குழாய் வழியே தனியாகக் கொணரும் முகமூடியும், காற்றை வடிகட்டி வெளியேற்றும் அறையும் அதற்கு வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் காலனியில் அதனைத் தெளிப்பது, அண்டை வீட்டாரின் மூச்சையும் பணயம் வைப்பதாகும். ஆகவே டூ-கே வீட்டுக்கு ஆகாது. அத்தகைய அறையுள்ள பட்டறைக்கே உரியது.

அங்ஙனமாயின் வீட்டில் செய்யத்தக்கது யாது? துரு நீக்கம், பட்டி, தேய்ப்பு, தூரிகையால் பூசும் அடிப்பூச்சு, இறுதி மெருகு ஆகிய அனைத்தும் செய்யலாம். வண்ணம் தெளிக்க மட்டும் பட்டறைக்கு அனுப்பலாம். உழைப்பில் பெரும்பகுதி நம்முடையதாகவே இருப்பதால் செலவு பெரிதும் குறையும். கதவொன்று, மட்கார்டு ஒன்று என்று சிறுபகுதிகளை வீட்டிலேயே முடிக்க விரும்புவோர் என்.சி. பூச்சைத் திறந்த வெளியில், கரி வடிப்பான் பொருத்திய முகமூடி அணிந்து, பிறரை விலகியிருக்கச் செய்து தெளிக்கலாம். பழைய முறைப்படி எனாமலைத் தூரிகையால் பூசியும் தேய்த்தும் மெருகேற்றலாம். அதற்குப் பொறுமையே முதல்.

ஒன்றன்மேல் மற்றொன்றைப் பூசுமுன், உள்ள வண்ணம் எவ்வகை என்று அறிதல் வேண்டும். மறைவான மூலையில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். வண்ணம் கரைந்து துணியில் ஏறினால் அது என்.சி.; சுருங்கி எழுந்தால் எனாமல்; அசையாதிருந்தால் டூ-கே அல்லது ஆலையில் சூடேற்றி உலர்த்திய பூச்சு. எனாமலின்மேல் என்.சி.யைத் தெளித்தால், அதிலுள்ள தின்னர் எனாமலைச் சுருக்கி உயர்த்திவிடும். ஒரு நாழிகைச் சோதனை பல நாள் உழைப்பைக் காக்கும்.

பருவமும் பார்க்கவேண்டும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கின்றது. ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் நீராவி அதன்மேல் படிந்து வண்ணத்தை வெளுக்கச் செய்கின்றது. தை, மாசி மாதங்களின் உலர்ந்த முற்பகல், நேர்வெயில் படாத நிழல், புழுதி எழாத வேளை ஆகியவை உகந்தவை. தெளிப்பானைப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் தொலைவில் நேராகப் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியை மூடுமாறு செலுத்தவேண்டும். மணிக்கட்டை வளைத்து வீசினால் நடுவில் தடிப்பும் ஓரத்தில் மெலிவும் நேரும். தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய மூன்று பூச்சுகள் நன்று.

தீயைப் பற்றிய எச்சரிக்கையும் கூறாமல் விடலாகாது. தின்னரின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து நெடுந்தொலைவு சென்று அடுக்களை நெருப்பையோ பூசையறை விளக்கையோ தொடக்கூடும். பூச்சு நடக்கும் பொழுதில் அருகில் அடுப்பு, விளக்கு, புகை எதுவும் ஆகாது. எனாமலோ எண்ணெயோ துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. நீரில் நனைத்து, விரித்து உலர்த்தி அப்புறப்படுத்துக.

இறுதிப்படி மெருகு. என்.சி. பூச்சு தொட்டால் காய்ந்தது போலத் தோன்றினும், உள்ளிருக்கும் தின்னர் முழுதும் நீங்க வாரங்கள் ஆகும். அதற்குள் தேய்த்தால் இன்று தோன்றும் மெருகு அடுத்த மாதம் மங்கும். காத்திருந்த பின், 1500, 2000-ஆம் எண் தாள்களை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, பின்னர் ரப்பிங் காம்பவுண்டு, அதன்பின் பாலிஷ், முடிவில் மெழுகு எனச் செல்லவேண்டும். ஆலையிலிருந்து வரும் காரின் பூச்சு முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 100 மைக்ரான் தடிப்பு, அல்லது சற்று மிகுதி. ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு! காம்பவுண்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் சிறிது போகின்றது. மாதந்தோறும் அதனைத் தேய்ப்பவர் வண்டியைப் பேணவில்லை, உரிக்கின்றார். விளிம்புகளில் பூச்சு மிக மெல்லிது. அவற்றை ஒட்டுநாடாவால் மூடிவிட்டுத் தேய்த்தல் அறிவுடைமை. துணி தரையில் விழுந்தால் அதனை ஒதுக்கிவிடுக. ஒட்டிய ஒரு மணல் போதும், ஒரு நாளைய உழைப்பைக் கீறிவிட. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டிக்கு இணையான துணி இல்லை.

மெழுகில் சிறந்தது கார்னாபா. பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. மெழுகு மெருகைத் தருவதன்று. பெற்ற மெருகைக் காப்பது. இந்த மெழுகிடும் பணியைச் சிறுவர்களுக்கு அளிக்கலாம். தூளும் தெளிப்பும் முடிந்துவிட்ட வேளை அது.

காரில்லாத வீட்டுக் குழந்தைகளும் வருந்தவேண்டா. மைசூருவுக்கும் பெங்களூருவுக்கும் இடையே சென்னபட்டணம் இருக்கின்றது. அவ்வூர்க் கைவினைஞர் வெப்பாலை மரத்தைக் கடைசலில் ஏற்றிப் பொம்மைக் கார் கடைகின்றனர். சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகிப் படிகின்றது. பின் தாழை மடலால் தேய்க்க மெருகு ஏறுகின்றது. அரக்குப் பூச்சியின் கொடையாகிய அதே அரக்கைக் கொண்டு, 1937-இல் மைசூருவில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கு வண்ணத் தொழிற்சாலை எழுந்தது. அதுவே இன்று மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். 1962-ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து வாக்காளர் விரலில் இடும் அழியா மை அங்கிருந்தே வருகின்றது. நம் விரலின் மை வண்ணத் தொழிற்சாலையில் பிறந்தது என்பதைச் சிறுவர்கள் அறிந்திருத்தல் நன்று.

அன்பர்களே! வீட்டில் ஒரு கதவைத் தேய்த்து முடித்தவருக்குத் தோள்வலியோடு ஓர் உண்மையும் விளங்கும். நாள்தோறும் பத்துக் கதவுகளைத் தேய்க்கும் தொழிலாளி எவ்வளவு உழைக்கின்றார் என்பதே அது. கன்னடம் பேசுவோர், தமிழ் பேசுவோர், உருது பேசுவோர் எனப் பலரும் நம் பகுதிப் பட்டறைகளில் பணிபுரிகின்றனர். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு டூ-கே தெளிப்போரை நாம் கண்டதுண்டு. வண்டியை அனுப்பும்போது விலையை மட்டும் பேசாமல், தெளிப்பவருக்குத் தக்க முகமூடி உண்டா என்றும் கேளுங்கள். அதற்காகச் சிறிது கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். நம் குழந்தையின் மூச்சுக்கு அஞ்சி வெளியே அனுப்பிய நஞ்சு, அவர் குழந்தையின் தந்தையை வாட்டலாகாது. அவர் மூச்சைத் தேய்த்துப் பெறும் பளபளப்பு நம் வாயிலுக்கு அழகு சேர்க்காது.

ஆகவே காலனியின் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். பழைய வண்ணத்தை உலர்வாகத் தேய்ப்பதில்லை. டூ-கே பூச்சைக் காலனிக்குள் தெளிப்பதில்லை. பூச்சு நடக்கும் நாளை அண்டை வீட்டாருக்கு முந்திய நாளே அறிவித்து, அவர்கள் இசைவோடு செய்வது. இம்மூன்றையும் சங்கத்தின் செயற்குழு ஏற்று அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்குமாயின், இவ்வுரை பயன்பட்டதாக மகிழ்வோம்.